முன்வரிசை டிராம்போன்

ஊர்வலத்தில் டிராம்போன் வாசிப்பவன் முன்வரிசையில்தான் நடக்க வேண்டும். மரியாதைக்காக அல்ல. அதன் குழாயை முன்னும் பின்னும் இழுத்து வாசிக்க வேண்டும்; முன்னால் ஆள் இருந்தால் முதுகில் இடிக்கும். அதனால் பேண்டு செட்டில் எனக்கு முன்னால் யாரும் இருந்ததில்லை. சாலை மட்டும் இருக்கும். மற்றவர்கள் என் முதுகையும் குழாயையும் பார்த்துக்கொண்டு பின்னால் வருவார்கள்.

இதனாலேயே இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்தது. கல்யாண ஊர்வலம் போகும் தெருவில் சாவு வீடு இருந்தாலோ, எதிரே சாவு வண்டி வந்தாலோ, முன்னால் போகிறவன் கண்ணில்தான் முதலில் படும். நான் வாத்தியத்தை இறக்கித் தொடையோடு சேர்த்துப் பிடிப்பேன். பின்னால் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கால் மட்டும் நிற்காது. தாளம் காலில் ஓடிக்கொண்டிருக்கும். கடந்த பிறகு நான் மறுபடி தூக்கினால் எல்லோரும் ஒன்றாகச் சேருவோம், விட்ட இடத்தில் அல்ல, நிறுத்தாமல் வாசித்திருந்தால் பாட்டு இந்நேரம் எங்கே வந்திருக்குமோ அங்கே. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. நடந்து நடந்து வந்தது.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். பட்டாபிராமில் ஒரு சர்ச் விடுதியில் இருந்தபோது டிராம்போனைக் கையில் கொடுத்தார்கள். மற்ற பிள்ளைகளுக்குக் குழாயின் கடைசிவரை கை எட்டவில்லை, எனக்கு எட்டியது. தகுதி அவ்வளவுதான். அப்புறம் அம்பத்தூரில் லேத் பட்டறை, பூந்தமல்லியில் ஓட்டல், பிறகு பார்சல் லாரியில் கிளீனராக ஆந்திரா, ஒரிசா. எந்த இடமும் மோசமில்லை. ஒருநாள் காலையில் எழுந்தால் அங்கே இருக்கப் பிடிக்காது, கிளம்பிவிடுவேன். சில இடங்களில் நான் போனதைக் கவனிக்கவே நாளாகியிருக்கும். முகூர்த்த நாட்களுக்குத் திரும்பி வந்து பேண்டு செட்டில் நடப்பேன்.

அப்படி ஒரு கல்யாண ஊர்வலத்தில்தான் கிடார் வாசிக்கும் பையன் எங்களைப் பிடித்தான். பெண்ணுக்குத் தம்பி முறை. அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் வேலை. ஊர்வலம் முடிந்து நாங்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தபோது வந்து, தானும் நண்பர்களும் ஒரு பேண்டு வைத்திருப்பதாகவும், ஊதுகிற ஆட்கள் வேண்டும் என்றும் சொன்னான்.

"இன்னா மியூசிக்கு தம்பி?" என்று எங்களில் சாக்ஸபோன் வாசிக்கும் சாக்ஸ்காரர் கேட்டார். எங்களில் வயதில் பெரியவர் அவர்தான்.

"ஃபங்க்ணா. ராக் கலந்திருக்கும். நடுவுல கொஞ்சம் கானா. உங்க பேண்டு செட் சவுண்டும் வேணும்."

"சாம்பாரு வாளில ரசத்தையும் ஊத்திட்டேன்னு சொல்லு."

பையன் சிரித்தான். நாங்கள் மூன்று பேர் போனோம். சாக்ஸ்காரர், டிரம்பெட் வாசிப்பவன், நான்.

கள்ளிக்குப்பத்தில் அந்தப் பையனின் மாமாவுக்கு மூடிக் கிடந்த ஒரு பட்டறை இருந்தது. தகரக் கூரை. அதற்குள்தான் பயிற்சி. கிடார், பேஸ் கிடார், டிரம்ஸ், பாடுவதற்கு ஒரு பெண். ஃபங்க் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: முதல் அடியில் எல்லோரும் ஒன்றாக விழ வேண்டும். அதன்பிறகு யார் எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம், மறுபடி முதல் அடிக்கு வீடு வந்து சேர்ந்துவிட வேண்டும். பேண்டு செட்டில் நாங்கள் சுரத்தை இழுப்போம். தெரு நீளத்துக்கு இழுப்போம். இங்கே கடித்துத் துப்ப வேண்டும். அது ஓரளவுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. நின்று வாசிப்பதுதான் வரவில்லை.

சாக்ஸ்காரர் வாசிக்க ஆரம்பித்தால் நடக்க ஆரம்பித்துவிடுவார்.

"அண்ணாத்தே, மைக்கு இங்க கீது. நீ எங்க போற, ஆவடிக்கா?" என்று டிரம்ஸ் வாசிப்பவன் கத்துவான்.

"பஸ்ஸு வந்தா ஏறிக்குவேன், நீ அடி மாமே."

எனக்கு வேறு சிக்கல். நான் இழுத்த இழுப்பில் கிடார்க்காரனின் முழங்கையில் குழாய் இடித்தது. அவன் கோபப்படவில்லை. பட்டறை மூலையில் கிடந்த சாக்கட்டியை எடுத்து, என்னை நிற்க வைத்து, குழாயை முழுக்க இழுக்கச் சொல்லி, அது எட்டும் தூரம்வரை தரையில் வளைத்துக் கோடு போட்டான். "இது அண்ணாவோட ஏரியா. யாரும் உள்ள வராதீங்க" என்றான். அழிந்தால் மறுவாரம் வேறு யாராவது போட்டுவைத்திருப்பார்கள். சில சமயம் பாடுகிற பெண் போட்டிருப்பாள், பக்கத்தில் ஒரு பூவும் வரைந்து.

தரையில் எனக்கென்று யாரும் கோடு போட்டதில்லை. தங்குகிற அறைகளில் பாயைச் சுருட்டிவிட்டால் அங்கே நான் இருந்ததற்கு அடையாளம் இருக்காது. இந்தக் கோட்டுக்குள் நிற்க வேண்டும், தொடர்ந்து நிற்க வேண்டும் என்று நினைத்தேன். நான் அப்படி நினைத்த இடங்கள் குறைவு. பார்சல் லாரிக்கு ஆள் கேட்டு வந்தபோது வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பிறகு ஒரு பாட்டை ரெக்கார்டிங் செய்யப்போவதாகப் பேச்சு வந்தது. ஊதுகிற பகுதியைக் கீபோர்டிலேயே வாசித்துவிடலாம் என்று பேஸ்காரன் சொன்னான். எங்கள் முன்னால்தான் சொன்னான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கிடார்க்காரன் எங்களைப் பார்த்து, "அடுத்த ஷோ எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்ணா" என்றான்.

அந்த ஷோ அம்பத்தூரில் ஒரு காப்பிக் கடையின் முற்றத்தில். சாயங்காலம். நாங்கள் சாலையைப் பார்த்து நின்றோம். கூட்டம் சாலைக்கு முதுகு காட்டி நின்றது. சின்னப் பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி ஆடினார்கள். ரெக்கார்டிங் செய்யப்போகிற பாட்டு கடைசியில் வந்தது. அதில் ஊதுகிறவர்களுக்கு என்று ஒரு இடம் உண்டு. மூவரும் சேர்ந்து வெட்டி வெட்டி மேல் சுரத்துக்கு ஏறிக்கொண்டே போக வேண்டும். ஏறிக்கொண்டிருந்தோம்.

அப்போது சிக்னலில் நின்ற வண்டிகள் நகர்ந்தன. நடுவில் ஒரு சாவு வண்டி. கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். பறை இல்லை, வெடி இல்லை, பின்னால் நடக்க ஆள் இல்லை. மாலைகூட ஒன்றுதான். முன்னால் ஷேர் ஆட்டோ, பின்னால் தண்ணீர் லாரி.

என் கை இறங்கிவிட்டது. யோசித்து இறக்கவில்லை. டிராம்போன் தொடையோடு வந்து நின்றது. பக்கத்தில் சாக்ஸும் டிரம்பெட்டும் அந்த இடத்திலேயே நின்றன. டிரம்ஸ்காரன் குச்சிகளை மேலே தூக்கியபடி எங்களைப் பார்த்தான். கிடார்க்காரன் உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கினான். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. போச்சு, கீபோர்டுதான் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் வண்டி கடக்கவில்லை, கையைத் தூக்க முடியாது. சாக்ஸ்காரரின் செருப்பு தரையில் தட்டிக்கொண்டிருந்தது. டிரம்பெட்காரனின் ஷூவும். வழக்கமாக நாங்கள் நகர்வோம், சாவு ஒரு இடத்தில் இருக்கும். அன்றைக்கு நாங்கள் நின்றுகொண்டிருந்தோம், சாவு எங்களைக் கடந்து போனது.

வண்டி மறைந்ததும் தூக்கினேன். மூவரும் ஒரே மூச்சில் விழுந்தோம். டிரம்ஸ்காரன் எப்படியோ அதே அடியில் வந்து சேர்ந்தான். கூட்டம் காது கிழிகிற மாதிரிக் கத்தியது. அவர்கள் சாலையைப் பார்க்கவில்லை.

ஷோ முடிந்ததும் கிடார்க்காரன் என்னைக் கட்டிக்கொண்டான். "அண்ணா, நடுவுல நிறுத்தி எடுத்தீங்களே, செம பிரேக்ணா! ரெக்கார்டிங்ல அத வெச்சே ஆகணும். மூணு பேரும் வர்றீங்க." வண்டியைப் பற்றி நான் சொன்னேன். அவன் கிடார் ஒயரைச் சுருட்டினான். பிறகு, "அது இன்னும் நல்லா இருக்குண்ணா. பாட்டுக்கு முன்னாடி மைக்ல இந்தக் கதைய சொல்லலாம்" என்றான். அவன் நல்லவன். மனதில் பட்டதைச் சொன்னான்.

அடுத்த வாரம் பட்டறையில் அந்த இடத்தைப் பயிற்சி செய்தோம். நான் கோட்டுக்குள் நின்றேன். ஏறிக்கொண்டே போய், அந்த அடி வந்ததும் இறக்கினேன். எல்லோரும் நிறுத்தினார்கள். எதிரே தகரச் சுவர். எப்போது தூக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. எதுவும் கடந்து போகவில்லையே.

"எட்டு எண்ணிட்டுத் தூக்குங்கண்ணா" என்றான் கிடார்க்காரன்.

எண்ணத் தெரியாதவன் இல்லை நான். எண்ணினேன். எட்டு வந்தது, கை வரவில்லை. மறுபடி செய்தோம். மறுபடியும் வரவில்லை.

"இன்னா மாமே, கை பூட்டிக்கிச்சா?" என்றான் டிரம்ஸ்காரன். "வேணும்னா தெனம் ஒரு பொணம் ஏற்பாடு பண்ணிடலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாக்ஸ்காரர் மட்டும் கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னார். "டேய், தூக்குடா. செத்தவன் எவனோ, பூட்டான். இவுங்க கேக்கறாங்க, எறக்கி ஏத்திட்டுப் போவியா..."

"யாரும் சாவாம எப்படிண்ணே எறக்கறது?"

"வாயில ஊதறதுக்கு மனசு இன்னாத்துக்குடா?"

அவருக்குக் குடும்பம் இருந்தது. அவர் சொன்னதில் தவறில்லை.

என் அம்மா செத்த அன்று எங்கள் சந்தில் பந்தல் போட இடமில்லை. வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் காப்பி குடிக்கப் போயிருந்தார்கள். நான் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெரிய தெருவில் கல்யாண பேண்டு ஒன்று வந்துகொண்டிருந்தது, சத்தம் கிட்டே வந்தது. எங்கள் சந்து முனைக்கு வந்ததும் சட்டென்று நின்றுவிட்டது. ஷூ சத்தம் மட்டும் கேட்டது. ஒரே சீராக, நிறைய ஷூக்கள். முனை தாண்டியதும் பாட்டு மறுபடி தொடங்கியது. அன்றைக்கு அம்மாவுக்காக நின்றது அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. இதைப் பட்டறையில் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் மைக்கில் சொல்லலாம் என்றிருப்பார்கள்.

டிராம்போனைத் துடைத்து உறையில் வைத்தேன். "சரிண்ணா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றான் கிடார்க்காரன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. அடுத்த வாரம் நான் போகவில்லை. சில தடவை போன் வந்தது, எடுக்கவில்லை. பிறகு வரவில்லை.

இப்போது பாரிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு அடுக்குமாடியில் காவல் வேலை பார்க்கிறேன். கம்பியும் சிமெண்டும் தவிரப் பேச்சுத் துணை இல்லை. கூட்டம் சேர்ந்த இடங்களில் அந்த பேண்டின் பெயர் அடிபடுகிறது. போன மாதம் ஆவடியில் திறந்தவெளியில் வாசிக்கிறார்கள் என்று தெரிந்து பஸ் ஏறிப் போனேன். கூட்டத்தின் கடைசியில், சாலை ஓரமாக நின்றேன்.

சாக்ஸ்காரர் நன்றாக இருந்தார், சட்டை புதிது. ஒரே இடத்தில் நிற்கக் கற்றுக்கொண்டிருந்தார். அவருக்கும் கிடாருக்கும் நடுவில் டிராம்போன் நிற்கிற அளவுக்கு ஒரு இடம் காலியாக இருந்ததாக முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தேன், அங்கே ஒரு ஸ்பீக்கர் பெட்டி.

கடைசியில் அந்தப் பாட்டு வந்தது. ஏறிக்கொண்டே போய், அந்த அடியில் எல்லாம் நின்றது. கூட்டத்துக்கு அந்த இடம் தெரிந்திருக்கிறது. நின்றதும் விசில் அடித்தார்கள். விசிலுக்கு நடுவே டிரம்ஸ்காரன் இரண்டு குச்சிகளையும் தட்டி எட்டு எண்ணினான். டக், டக், டக். காலில் யாரும் தாளம் போடவில்லை.

என் கால் போட்டுக்கொண்டிருந்தது. கை தொடையோடு ஒட்டியிருந்தது. திரும்பிச் சாலையைப் பார்த்தேன். ஒரு காலி பஸ், இரண்டு பைக். அவர்கள் எட்டில் சேர்ந்துவிட்டார்கள். நான் இன்னும் கொஞ்ச நேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.