கழுவிய நாள்

அறிவுக்கு இரண்டு வேலை. பஞ்சாயத்து கொடுத்தது குடிதண்ணீர் டேங்க் ஆபரேட்டர் வேலை. அவராக இழுத்துப் போட்டுக்கொண்டது சர்ச் சபை வேலை. நாற்காலி போடுவதிலிருந்து மைக்செட் கட்டுவது வரை எல்லாம் அவர்தான். இரண்டிலும் மனுஷன் கெட்டி என்று பனமரத்துப்பட்டிப் பக்கத்து அந்தச் சிற்றூரில் பெயர்.

பதினெட்டு வருஷமாக மாதாமாதம் ஐந்தாம் தேதியும் இருபதாம் தேதியும் ஏணியேறி டேங்குக்குள் இறங்குவார். அடியில் படிந்த கசடைத் தென்னந்துடைப்பத்தால் வழித்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்டு, தூணில் 'கழுவிய நாள்' என்பதற்கு நேரே சுண்ணாம்பால் தேதி எழுதுவார். மேலே ஏறிப் பார்க்க எந்த அதிகாரி வந்தார்? எல்லோரும் தேதியைப் பார்த்துவிட்டு ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனவர்கள்தான்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இருபதாம் தேதி, சபையின் மூன்று நாள் கூட்டத்துக்குக் கடைசி நாள். பந்தல், சாப்பாடு என்று அறிவுக்கு இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை. கூட்டம் முடியும்போது, உண்மையாய் உழைத்தவர் என்று அவருக்கு மேடையில் சால்வை போடப் போவதாகப் பாஸ்டர் சொல்லியிருந்தார். நாற்பத்தாறு வயதில் முதல் சால்வை. மனைவி மஞ்சுளா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

காலையில் தூணுக்கு ஓடினார், தேதியை எழுதினார், வால்வைத் திறந்தார், பந்தலுக்குப் போய்விட்டார். பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைதானே, அதுவும் ஆண்டவர் வேலைக்காகத்தானே! மனசு நைசாகப் பேச ஆரம்பித்தால் இப்படித்தான் பேசும்.

பத்து மணிக்கு ஒயர் வாங்கப் போனவர், அங்கன்வாடி வாசலில் நின்றுவிட்டார். ஆயா பாவாயி குடிதண்ணீர் டிரம்மைத் தேய்த்துக் கழுவி, பிள்ளைகளுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்ற நாளில் காய்ச்சித்தான் கொடுப்பாள். டேங்க் கழுவிய அன்றைக்கு மட்டும் அப்படியே கொடுப்பாள். உள்ளே பதினான்கு பிள்ளைகள் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"தேதி போட்டிருக்குதுங்களே தம்பி, அதான் காச்சலீங்க. நீங்க வேதக்காரரு, கழுவாம எழுதமாட்டீங்க" என்றாள்.

 எதற்கும் காய்ச்சிக் கொடுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நழுவியிருக்கலாம். பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகாது, சால்வைக்கும் பங்கம் வராது. அந்த வார்த்தை நுனி நாக்கு வரைக்கும் வந்தது.

"இன்னைக்குக் கழுவலீங்க்கா. பொய்யா எழுதிட்டேன்" என்றார்.

பாவாயி கோபப்படவில்லை. டிரம்மைச் சாய்த்து, பிடித்த தண்ணீர் முழுவதையும் வாசலில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு, "அப்பறம் எதுக்குங்க எழுதுனீங்க?" என்று கேட்டாள். அறிவுக்கு வெட்கத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

நேரே டேங்குக்குப் போய், ஊருக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, இருந்த தண்ணீரை வெளியே வடியவிட்டார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஏணியில் மாட்டிவிட்டு ஏறினார். உள்ளே முழங்கால் வரை கசடோடு நின்று தேய்க்கையில், அவரே கட்டிய குழாய் ஸ்பீக்கரில் பாஸ்டர் மூன்று தடவை அவர் பேரைக் கூப்பிட்டது தெளிவாகக் கேட்டது. சால்வையை மஞ்சுளாதான் வாங்கினாள். அன்று ஊருக்குத் தண்ணீர் சாயங்காலம்தான் வந்தது. வசவு அதற்கு முன்பே வந்துவிட்டது. மறுநாள் சபையிலும் எழுந்து நின்று நடந்ததை மறைக்காமல் சொன்னார். பாஸ்டர் சால்வையைத் திருப்பிக் கேட்கவில்லை. அறிவும் அதைப் போடவில்லை.

அடுத்த ஐந்தாம் தேதி கழுவி முடித்துத் தேதி எழுதும்போது பாவாயி குடத்தோடு வந்தாள். தூணை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"காலக் காட்டுங்க தம்பி."

அறிவு வேட்டியைத் தூக்கிக் காட்டினார். முழங்கால் வரை கசடு அப்பியிருந்தது. சரியென்று குடத்தைக் குழாயடியில் வைத்தாள்.

கழுவும் நாளில் இப்போதெல்லாம் பாவாயி வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை அறிவு கால் கழுவுவதில்லை.