டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மூன்று பொட்டு

போன வாரம் அஸ்தம்பட்டியில் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் கார் கிளம்பவில்லை. வந்த மெக்கானிக் பானட்டைத் திறக்கவே இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியைச் சொருகி, போனைப் பார்த்து, "சென்சார் போயிருச்சுங்க சார்" என்றார். "ஸ்பார்க் வருதான்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன். எந்தக் காலத்து ஆளய்யா நீ என்பதுபோல ஒரு பார்வை. பல் பிடுங்கிய வாயோடு வாதம் பண்ணத் தெம்பில்லாமல் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

செல்ஃப் சுற்றியும் என்ஜின் பிடிக்காத அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. கேட்டாலே நாமக்கல் ஞாபகம் வந்துவிடும்.

அங்கே எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு லாரி. கார் எங்களுடையது மட்டும்தான், அப்பா விட்டுப்போன பழைய பெட்ரோல் வண்டி. நான் வேலைக்குப் போய் இரண்டாவது வருடம். ஆயுத பூஜைக்கு அம்மா அந்தக் காருக்குச் செய்த அலங்காரத்தை எந்த லாரிக்காரரும் செய்திருக்க மாட்டார். மறுநாள் விஜயதசமி. குமாரபாளையம் போய், ஏழு மாதக் கர்ப்பமாக இருந்த அக்காவைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். அதற்கடுத்த நாள் எட்டாம் மாதம் பிறக்கிறது, எட்டில் அனுப்பும் வழக்கமில்லை. பத்தரைக்குள் வந்துவிடுங்கள், அப்புறம் நேரம் சரியில்லை என்று அவள் மாமியார் சொல்லி அனுப்பியிருந்தார். அக்காவின் முதல் கரு அந்த வீட்டில், தறி வேலைக்கு நடுவில் கலைந்தது. அவளை இன்னொரு மாதம் அங்கே விட்டுவைக்க அம்மாவுக்குப் பயம்.

ஏழரைக்குச் சாவியைத் திருப்பினேன். சுற்றியது, பிடிக்கவில்லை. வாடகைக் கார் ஸ்டாண்டுக்கு ஓடினால், பூஜை போட்டுவிட்டு டிரைவர்கள் எல்லாம் ஊருக்குப் போயிருந்தார்கள்.

எதிர்வீட்டு லாரி டிரைவர் குப்புசாமி அண்ணன் வேப்பங்குச்சியோடு வந்தார். "ஏர் புடிச்சிருக்கும் தம்பி. ஏரை எடுத்துட்டாச் செரியாப் போயிரும்." அடுத்து வந்த மூன்று பேரும் அதையேதான் சொன்னார்கள். டீசல் குழாயில் காற்றுப் புகுந்தால் லாரி நின்றுவிடும், நியாயம்தான். ஆனால் பெட்ரோல் காருக்கு வேண்டியது பிளக்கில் பொறி. டீசல் வண்டிக்கு அந்தப் பிளக்கே கிடையாது. ஊரே லாரியில் கரைகண்டது, அதற்கு இது எங்கே தெரியும்? எனக்குத் தெரியும், ஆனால் நாலு பெரிய மனிதர்கள் சொன்னால் தலையாட்டுவதுதானே நம் புத்தி. குழாய்களைக் கழற்றி மாட்டியதிலேயே ஒன்றரை மணி நேரம் போனது.

கடைசியில் ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு என்ஜின்மேல் படும்படி வைத்துவிட்டு, அம்மாவை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னேன். பட்டுச்சேலையோடு ஏறி உட்கார்ந்தாள்.

"திருப்பட்டுமா சாமி?"

"திருப்பும்மா."

பொறி இல்லை. கரண்டைக் கூட்டிக் கொடுக்கும் காயிலிலிருந்து வரும் தடித்த வயரை உருவி என்ஜினுக்குப் பக்கத்தில் பிடித்தேன். நீலமாகச் சடசடவென்று வந்தது, என் கையிலும் ஒன்று வைத்தது. அப்படியென்றால் காயில் நன்றாக இருக்கிறது. அங்கிருந்து நான்கு பிளக்குக்கும் பங்கு வைக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில்தான் கோளாறு.

அதன் மூடியில் மூன்று பொட்டு இருந்தது. சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமம் வைத்து, தீர்த்தமும் தெளித்திருந்தாள் அம்மா. ஈரம் வயர் சொருகும் குழிகளில் வழிந்து மூடிக்குள்ளேயே இறங்கியிருந்தது. கரண்டு பிளக்குக்குப் போகாமல் அந்த ஈரத்தின் வழியே ஒழுகிக்கொண்டிருந்தது.

மணி பத்து. "இங்கெல்லாம் எதுக்கும்மா வெச்சே? உன் சந்தனத்தால அக்கா அங்கயே கெடக்கட்டும்" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

அம்மா சாவியிலிருந்து கையை எடுத்தாள். "எல்லா வயரும் அங்கதான சாமி வந்து சேருது. முக்கியமான எடம்னு வெச்சேன்" என்றாள்.

துடைத்துக் காயவைத்ததும் கார் ஒரே சுற்றில் கிளம்பியது. குமாரபாளையம் போய்ச் சேரும்போது பன்னிரண்டு. மாமியார் மரியாதையாகத்தான் பேசினார். "நேரம் தப்பிப்போச்சுங்களே. ஒம்பதுல பாத்துக்கலாமுங்க." பெட்டி கட்டி வாசலில் வைத்திருந்த அக்கா அதை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்பதில் அழைத்து வந்தோம். பிள்ளை சுகமாகப் பிறந்தது, இப்போது அவனுக்கே பிள்ளை இருக்கிறது. ஆனால் இடையிலிருந்த அந்த ஒரு மாதம் அம்மா சரியாகத் தூங்கவில்லை. நான் நன்றாகத் தூங்கினேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். "நீயே வெய்யி சாமி. எங்க வெக்கோணும்னு எனக்கென்ன தெரியும்." குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே நம்பிச் சொன்னாள். அதற்கப்புறம் கடைசிவரை எந்த வண்டிக்கும் அவள் பொட்டு வைக்கவில்லை.

அந்தக் கார் என்றைக்கோ எடைக்குப் போய்விட்டது. அந்த மாதிரி மூடியும் இப்போது எந்தக் காரிலும் வருவதில்லை. என் காரில் என்ஜினையே மூடித்தான் வைத்திருக்கிறார்கள், எங்கே வேண்டுமானாலும் சந்தனம் வைக்கலாம், ஒன்றும் ஆகாது. அம்மா போய் நான்கு வருடமாகிறது. வையும்மா என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.