கைக்கெட்டும் கூடை

பல்கலைக்கழக ஆலோசனை மையத்தில் நான் உளவியல் பயிற்சி மாணவியாக இருந்தபோது எங்களை மேற்பார்வையிட்டவர் நல்ல உயரம். ஆலோசனைக்கு வரும் மாணவர்கள் எதிரில் மட்டும் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்காருவார். கண் துடைக்க டிஷ்யூ வைக்க மாட்டார். காதர்பேட்டை பனியன் சந்தையில் வெள்ளைத் துணித் துண்டுகளை வாங்கித் துவைத்து, மேசை மேல் ஒரு கூடையில் வைப்பார். அந்த மெத்தென்ற துணி இன்னும் என் விரல்களில் இருக்கிறது.

ஒருநாள் ஒரு மாணவி அழத் தொடங்கியதும் நான் ஒரு துண்டை எடுத்து நீட்டினேன். அவள் அவசரமாகத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க, சரியாப் போச்சு" என்று எழுந்து போய்விட்டாள்.

மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அவர் சொன்னார்: "நாம எடுத்து நீட்டுனா, அழுதது போதும்னு சொல்ற மாதிரி ஆயிருமுங்க கண்ணு. கூடை பக்கத்துலயேதான் இருக்குது. வேணும்னா அவங்களே எடுத்துக்குவாங்க."

பயிற்சி முடிந்து விடைபெறப் போனபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கூடை என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் அசையவில்லை. அவரே ஒரு துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் கத்துக்கிட்டீங்க" என்றார்.

இன்று என் அறையிலும் அப்படியொரு கூடை இருக்கிறது. அவர் சொன்னது பாராட்டா, வருத்தமா என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.