எட்மண்ட் நம்பாத எண்

என் தங்கச்சி புருஷன் எட்மண்டை நான் திட்டாத நாள் கிடையாது. பாவம்னு சொல்றவங்க சொல்லிக்கட்டும். பறிகொடுத்தவ நான்.

அவருக்கு சிங்கப்பூர் வானிலை ஆபீஸ்ல வேலை. மொட்டை மாடியில நீளமா ஒரு கருவி வச்சிருப்பாங்க. மத்தியான வாக்குல சாட்டலைட் ஒண்ணு நம்ம தலைக்கு மேல போகும். அது மேலயிருந்து ஓசோனை அளக்குற நேரத்துக்கு, இவர் கீழயிருந்து சூரியனைப் பார்த்து அளக்கணும். ரெண்டு எண்ணும் ஒத்துப்போகுதான்னு பார்ப்பாங்க.

"ஓசோன்னா என்னா தம்பி?"ன்னு கேட்டா, "வெயிலோட விஷத்தை வடிகட்டுற காத்து, மதினி. நம்ம ஊருக்கு மேல பெருசா ஏறாது, இறங்காது"ம்பார்.

"ஏறவும் மாட்டேங்குது, இறங்கவும் மாட்டேங்குது, அதைப் போய் தினம் அளக்குறதுக்கு ஒரு ஆளா?"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன். என் தங்கச்சி ஜோசபின் விழுந்து விழுந்து சிரிப்பா.

அந்த ஏறாது இறங்காதுதான் குடியைக் கெடுத்துச்சு. என்னைக்காவது எண் ரொம்பக் கீழ வந்தா, அங்கே யாரும் வானத்தைச் சந்தேகப்பட மாட்டாங்க. மேகம் மறைச்சிருக்கும், லென்ஸ்ல ஈரம் இருக்கும், அளந்தவன் கை தப்பியிருக்கும். 'சந்தேகம்'னு எழுதி அந்த எண்ணை ஒதுக்கிட்டு மறுபடி அளக்கணும். அதையே வருஷக்கணக்கா செஞ்சு செஞ்சு மனுஷனுக்கு ஊறிப்போச்சு.

எம்பத்து மூணுல ஜோசபினுக்கு ஓயாத அசதி. புக்கிட் மேராவுல அவங்க மாடியில லிஃப்ட் நிக்காது. படியேறி வர்றதுக்குள்ள சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னுடுவா. பக்கத்து கிளினிக்குல ரத்தம் எடுத்தாங்க. ரத்த அணுவெல்லாம் ரொம்பக் குறைஞ்சிருக்கு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னார் டாக்டர். வேற ஒருத்தனா இருந்தா அங்கேயே டாக்சி பிடிச்சிருப்பான். இவர் என்ன சொன்னார் தெரியுமா?

"போன வருஷம் எல்லாம் நார்மல். அதுக்குள்ள இவ்வளவு கீழ இறங்காது லா. மெஷின் கோளாறா இருக்கும். கொஞ்ச நாள் விட்டு மறுபடி எடுத்துப் பார்ப்போம்."

எனக்கு வந்துச்சே கோபம்! "அவ உடம்பு என்ன உங்க வானமா?"ன்னு கத்தினேன். ஜோசபின்தான் என் கையைப் பிடிச்சு அடக்கினா. "சும்மா இரு அக்கா. மெஷின் பத்தி அவருக்குத் தெரியாததா?"ன்னா. பைத்தியக்காரி, அவ்வளவு நம்பிக்கை.

மறுபடி எடுத்தப்போ இன்னும் கீழ போயிருந்துச்சு. ரத்தப் புற்றுநோய்னாங்க. "முன்னாடியே வந்திருந்தா"ன்னு ஆஸ்பத்திரி டாக்டர் ஆரம்பிச்சவர், எட்மண்ட் முகத்தைப் பார்த்துட்டு நிறுத்திட்டார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவ இல்லை.

மூணு வருஷம் கழிச்சு, கல்லறைத் திருநாள் அன்னைக்கு, மெழுகுவர்த்தி வாங்கிக்கிட்டு சுவா சூ காங் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவ கல்லறை பக்கத்துல எட்மண்ட் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில மடிச்ச நியூஸ் பேப்பர். நான் பாட்டுக்கு மெழுகுவர்த்தியை ஏத்தி வச்சேன். அவராத்தான் ஆரம்பிச்சார்.

"தென்துருவத்துக்கு மேல ஓசோன்ல ஓட்டை விழுந்திருக்காம், மதினி. கீழயிருந்து அளந்தவங்கதான் முதல்ல சொல்லியிருக்காங்க."

"மேல சுத்துற சாட்டலைட் தூங்கிடுச்சா?"

"அதுவும் பார்த்திருக்கு. அவ்வளவு கம்மியா இருக்காதுன்னு, அந்த எண்ணையெல்லாம் கம்ப்யூட்டர் சந்தேகத்துல தள்ளியிருக்கு."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிச்சு. "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! அப்போ உங்க மேல தப்பில்லை, பெரிய பெரிய ஆளுங்களே இப்படித்தான்னு சொல்ல வந்தீங்களாக்கும்?"

"இல்லை மதினி." அவர் கல்லறையிலயிருந்து கண்ணை எடுக்கலை. "அவங்க ஒதுக்கின எண்ணெல்லாம் பத்திரமா இருந்திருக்கு. திரும்ப எடுத்துப் பார்த்தாங்க. ஓட்டை அங்கேயேதான் இருந்துச்சு. நான் எதைத் திரும்ப எடுத்துப் பார்க்க?"

வெயில் மண்டையைப் பிளந்துச்சு. ஏத்தின மெழுகுவர்த்தி நிக்க முடியாம வளைஞ்சு விழுந்துச்சு. தலைக்கு மேல சாட்டலைட் போற நேரம்தான். அவர் நிமிரவே இல்லை. திட்டுறதுக்குத்தான் வாயைத் திறந்தேன். ஜோசபின் பேருதான் வந்துச்சு.