அம்மா தைத்த மஞ்சள் கவுன்

பிள்ளைகளே, நான் எட்டாவதோடு நின்றவன். இந்த எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வரியைச் சொல்லவே எனக்கு இத்தனை வருடம் ஆனது.

நீங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தேன். டியூப்லைட்டுக்குக் கீழே நின்றபடி ஒவ்வொரு பீஸாக விரித்துப் பார்க்க வேண்டும். தையல் விட்டிருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நின்றால் கால் ஓய்ந்துவிடும், கண் ஓயாது. வீட்டிலும் அது குறையைத்தான் தேடும். தோசை வட்டமாக இல்லை, கோலத்தில் ஒரு புள்ளி தள்ளியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பேன்.

“ஏனுங்க, இது ஊடுங்க, உங்க செக்கிங் டேபிள் இல்லீங்க. வேணும்னா என்ற நெத்தியிலயும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிப்போடுங்க” என்பாள் உங்கள் அம்மா. எனக்குச் சிரிப்பு வராது.

பெரியவளே, நீ இரண்டாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்கு ஆட வேண்டியிருந்தது. மஞ்சள் கவுன் வேண்டும் என்றார்கள். அம்மா மிச்சப் பனியன் துணி வாங்கி, வீட்டு மிஷினில் ஒரு வாரம் தைத்தாள். விழாவன்று அரை நாள் லீவு போட்டு வந்தேன். கவுன் கட்டிலில் இருந்தது. கை தானாக அதை விரித்தது. அடி மடிப்பில் தையல் ஓரிடத்தில் அலையலையாக ஓடியிருந்தது. அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். பிரித்துத் தைத்தால் சரியாகிவிடும் என்று நூல் வெட்டும் டிரிம்மரை எடுத்தேன்.

பனியன் துணியில் தையலை இழுத்துப் பிரிக்கக் கூடாது. நானே பத்துப் பேருக்குச் சொன்னதுதான். அன்று அசதியில் இழுத்துவிட்டேன். பின்னலில் ஒரு கண்ணி அறுந்து, விரல் நீளத்துக்குப் பிரிசல் ஏணி மாதிரி மேலே ஏறிப் போனது.

ஈரத் தலையோடு வந்த அம்மா கத்தவில்லை. “ஒரு வாரம் தெச்சதுங்க” என்றாள், அவ்வளவுதான்.

நீ கதவோரம் நின்று, “அப்ப நான் ஆடப் போக வேண்டாங்களாம்மா?” என்றாய்.

அம்மா மீதித் துணியில் ஒரு துண்டு வெட்டி உள்ளிருந்து ஒட்டுப் போட்டாள். அவசரத்தில் அதுவும் கோணல். நாலு மூலையும் என் கண்ணில் பட்டது. வாயைத் திறக்கவில்லை.

கவுனைப் போட்டுக்கொண்டு நேராக என்னிடம் வந்து ஒரு சுற்றுச் சுற்றி நின்றாய். “மிஸ்டேக் இருக்குதுங்களாப்பா?”

“இருக்குது கண்ணு. நான் பண்ணினது. அது பாட்டுக்கு இருக்கட்டும், நீ ஆடு.”

பள்ளிக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்ததும் தூங்கிப்போனேன். “ஏனுங்க, புள்ள ஆடறா” என்று அம்மா தட்டி எழுப்பினாள். முதலில் ஒட்டைத்தான் தேடினேன். பிறகு உன் முகத்தைப் பார்த்தேன். அதற்கப்புறம் ஒட்டு எந்தப் பக்கம் இருந்தது என்று தெரியவில்லை.

அந்தப் பழக்கம் அன்றோடு போய்விடவில்லை. இன்றும் தட்டில் தோசை விழுந்ததும் கண் ஒரு முறை சுற்றி வருகிறது. பேசாமல் பிட்டுச் சாப்பிடுகிறேன்.