கடைசி என்று போட்டால் வருவார்கள்

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் அவளுக்குப் பாட்டக்கா என்று பெயர். நோயாளிகளுக்கு போன் போட்டு, "நாளைக்கு வரணும், மறந்துடாதீங்க" என்று நினைவுபடுத்துவதுதான் வேலை. அதைக்கூட இழுத்து, இறக்கி, பாட்டாகத்தான் சொல்வாள். பல் பிடுங்கப் பயந்து ஓடி ஒளிந்தவர்கள்கூட அந்தக் குரலுக்கு மயங்கி வந்து வாயைத் திறந்துவிடுகிறார்கள் என்று டாக்டர் கேலி செய்வார்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, மரச்சாமான் கடைக்கு மேலே இருந்த சின்ன அரங்கில் அவள் பாடினாள். டைல்ஸ் கடையில் வேலை பார்த்த கணவர் கிட்டார் வாசிப்பார். டிரம்ஸ் வாசித்தவன் டயர் கடை வைத்திருந்தான். அவன் அடிக்கிற அடியில் கீழே கடையில் கண்ணாடி பீரோக்கள் அதிரும் என்பதால் எல்லோரும் அவனை இடி என்றே கூப்பிட்டார்கள். மூன்றே பேர் கொண்ட குழு. ஆனாலும் ஆரம்பத்தில் அரங்கு முக்கால்வாசி நிறையும். போகப் போக நாற்காலிகள் காலியாக ஆரம்பித்தன.

சொல்லாமல் விட்டதால் அல்ல. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். இடி போனில், ரசிகர்களுக்காக வைத்த வாட்ஸ்அப் குழுவில் போஸ்டர் போடுவான். இன்னும் மூன்று நாள், இன்னும் இரண்டு நாள், இன்றே கடைசி வாய்ப்பு என்று விடாமல் அனுப்புவான். அவள் வேலை முடிந்து வந்த களைப்போடு ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்று இரண்டு வரி பாடி வீடியோ எடுப்பாள். பாதியில் குக்கர் விசில் அடிக்கும், மறுபடி முதலிலிருந்து. பாடிப் பழக வேண்டிய நேரமெல்லாம் இதற்கே போனது. நிகழ்ச்சி முடிந்து மறுவாரம் கடைத்தெருவில் பார்ப்பவர்கள், "பாடினீங்களாமே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேனே" என்பார்கள்.

"அனுப்பினேனே அண்ணி."

"அப்படியா? ஒரு நாளைக்கு நூறு வருது. எதைன்னு பாக்கறது?"

அவளால் கோபப்பட முடியவில்லை. அவளுடைய பள்ளித் தோழி ஒருத்தி வீட்டில் கேக் செய்து விற்கிறாள். காலையும் மாலையும் கேக் படமாக வந்து குவிந்ததில், அந்த எண்ணின் சத்தத்தைப் பாட்டக்காவே எப்போதோ நிறுத்தி வைத்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை ஒன்பது பேர் வந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் கீழே கட்டில் பார்க்க வந்து, பாட்டுச் சத்தம் கேட்டு மாடி ஏறியவர்கள். எல்லாம் முடிந்து ஒயர்களைச் சுருட்டும்போது இடி மெதுவாகத் தொடங்கினான்.

"அக்கா, கடைசி நிகழ்ச்சின்னு போட்டுப் பாப்போமா?"

"யாருக்குடா கடைசி?"

"சும்மா ஒரு பேச்சுக்கு. இந்த வருஷத்துக்குக் கடைசின்னு நாம அர்த்தம் பண்ணிக்கலாம்."

"வாயக் கழுவு."

கணவர் குனிந்த தலை நிமிராமல் சொன்னார்: "நல்ல வார்த்தையாப் போட்டு எவன் வந்தான்? போடட்டுமே."

அவள் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதுவே போதும் என்று எடுத்துக்கொண்டான் இடி. அவள் கண்மூடிப் பாடும் படம் ஒன்றைத் தேடி எடுத்து, அதன் கீழே "விடைபெறுகிறோம்" என்று எழுதி அனுப்பினான்.

மறுநாள் மருத்துவமனை மேஜையில் அவளுடைய போன் ஓயவே இல்லை. ஐயோ ஏன், உடம்புக்கு ஏதாவதா, உங்கள் குரல் இல்லாமல் எப்படி என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. கேக் தோழி, "நான் வராம யாருடி வருவா?" என்று குரல் பதிவே அனுப்பியிருந்தாள். மதியம் அக்கா கூப்பிட்டாள்.

அம்மா போன பிறகு இவளைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அக்காதான். தொலைவில் வேறு ஊரில் தையல் கடை நடத்தினாள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அடுத்த தடவை, அடுத்த தடவை என்று தள்ளிப்போட்டே வந்தவள்.

"சின்னவளே, பாட்டை நிறுத்தப் போறியாமே? நான் ஒரு தடவகூட வந்து கேக்கலையேடி."

"முட்டி வலியோட அவ்வளவு தூரம் எதுக்குக்கா?"

"முட்டி கெடக்கு. நான் வரேன்."

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். வாய்வரை வந்தது. ஆனால் சொன்னால் அக்கா வரமாட்டாள். "பாத்து வாக்கா" என்று மட்டும் சொல்லி போனை வைத்தாள்.

அன்று அரங்கு நிரம்பி, படிக்கட்டெல்லாம் ஆட்கள் நின்றார்கள். மரச்சாமான் கடைக்காரர் விற்பனைக்கு வைத்திருந்த பெஞ்சுகளையே மேலே ஏற்றிவிட்டார். பாட்டக்கா அதுவரை அப்படிப் பாடியதில்லை. கைதட்டல் ஓய்வதற்குள் அடுத்த பாட்டுக்குக் கேட்டார்கள். ஒருவர் எழுந்து, தன் மனைவி உயிரோடு இருந்தபோது இந்த மாடிக்குத்தான் கூட்டி வருவேன் என்று சொல்ல வந்து, முடிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். முன்வரிசையில் அக்கா, வலிக்கிற காலை நீட்டி வைத்துக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடியே இருந்தாள். முடிந்ததும் மேடைக்கு வந்து தங்கையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"இவ்வளவு நல்லாப் பாடுவியாடி! ஏன்டி நிறுத்தற?"

அவள் அக்காவின் தோளிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. பிரிவுத் துயரம் என்று நினைத்துச் சுற்றி நின்றவர்களும் கண் கலங்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம், "இத்தன பேரும் இத்தன நாளா இதே ஊர்லதானே இருந்தாங்க?" என்று கேட்டாள். அவர் கிட்டாரை உறையில் போட்டு மூடினார்.

சில மாதம் அடங்கியிருந்தார்கள். இடிக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அந்தக் கூட்டத்தைப் பார்த்த கண் அவனுக்கு. தேதி குறித்துவிட்டு வந்து நின்றான். மற்றவர்களுக்குத் தெரியும் முன் அக்காவிடம் தானே சொல்லிவிட வேண்டும் என்று பாட்டக்கா போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது.

"அப்ப அன்னிக்கு நான் அழுததெல்லாம்?"

"நீ வரணும்னுதான்க்கா…"

"வான்னு கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேனா?"

எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறாள் என்று இருவருக்குமே தெரியும். அதைச் சொல்லிக்காட்ட தங்கைக்கு மனம் வரவில்லை. "கஸ்டமர் நிக்கறாங்க" என்று அக்கா போனை வைத்தாள்.

"மீண்டும் உங்கள் முன்" என்று இடி போட்ட செய்திக்குச் சிரிக்கும் முகங்களாக வந்து விழுந்தன. கடைசிக்கு அடுத்த கடைசியா என்று ஒருவர் கேட்டார். மனைவியைப் பற்றிப் பேச எழுந்தவர், "என்னிடம் விளையாடியிருக்க வேண்டாம்" என்று எழுதிவிட்டு வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிக்கொண்டார். அந்த வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். பதில் எழுதி எழுதி அழித்தாள்.

அந்தச் சனிக்கிழமை வந்தவர்கள் நான்கு பேர். கேக் தோழி ஒரு டப்பாவோடு வந்து முன்னால் உட்கார்ந்தாள். பாட்டக்கா ஒரு பாட்டும் குறைக்காமல் பாடினாள். கடைசிப் பாட்டில் மட்டும் சுருதி விலகியது. கணவர் கவனித்தார். ஒயர்களைச் சுருட்டியபோது, அடுத்த மாதம் எந்தத் தேதி என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அதன் பிறகு அவர்கள் பாடவே இல்லை. அதை யாருக்கும் அறிவிக்கவும் இல்லை.

ஒன்றரை வருடம் கழித்து அக்காவின் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் அக்கா பேச ஆரம்பித்திருந்தாள். சாப்பாடு, முட்டி, மாத்திரை என்று எல்லாம் பேசுவாள், அந்த ஒன்றைத் தவிர. கல்யாணத்தன்று மாலையில் பாட வெளியிலிருந்து ஒரு குழுவை அமர்த்தியிருந்தார்கள். பாட்டக்காவும் கணவரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டார்கள். பாடிய பெண் குறை சொல்ல முடியாதபடி பாடினாள்.

பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை வீட்டு அம்மாள் குனிந்து கேட்டாள்: "நீங்ககூட முன்னாடி பாடுவீங்களாமே? நிறுத்திட்டீங்களாமே?"

"ஆமாங்க" என்றாள் பாட்டக்கா. "சாப்பிட்டீங்களா?"