மசுயே அக்கா விற்காத நூறு பங்குகள்

ஓச்சி மசுயே அக்காவின் சலவைக் கடையில் பன்னிரண்டு வருஷமாக இஸ்திரி போடுகிறேன். அவர் தேய்த்த சட்டைக் காலர் மாதிரி விறைப்பு மாட்சுயாமாவில் வேறெங்கும் கிடைக்காது. வாயும் அப்படித்தான். அவருடைய கணவர் இறந்த பிறகுதான், அந்த மனிதர் பெயரில் இயோநாமி என்ற உள்ளூர் மென்பொருள் கம்பெனியின் நூறு பங்குகள் இருப்பது தெரிந்தது. சின்ன விடுதிகளுக்கு அறைப் பதிவு மென்பொருள் செய்கிற கம்பெனி. விலை அப்போதே படுத்துவிட்டது. அவர்களை நேரில் திட்டுவதற்காகவே அக்கா ஜூன் மாதப் பங்குதாரர் கூட்டத்துக்குப் போனார்.

பக்கத்து நாற்காலிக்காரர் முந்திக்கொண்டார். அங்கே பேச எழுகிறவர் பெயர் சொல்வதில்லை. நுழைவுச் சீட்டின் எண்ணைச் சொல்வதுதான் வழக்கம். "நாப்பத்தொன்னு" என்று எழுந்தவர், "உங்க மென்பொருள் எனக்கும் ஒரு புதுக் கல்யாண ஜோடிக்கும் ஒரே ரூமக் குடுத்துடுச்சு. நல்ல பிள்ளைங்க, டீயெல்லாம் குடுத்தாங்க. ஆனா கொஞ்சம் சரிபண்ணுங்க" என்றார். தலைவர் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அக்கா அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார்.

அதிலிருந்து ஒன்பது ஜூன் மாதங்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவருக்கு யவதஹாமாவில் மீன் அரைத்துப் பொரிக்கிற கடை, மனைவி இல்லை. இவ்வளவும் அக்காவுக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது. முதல் வருஷமே கேட்டிருக்க வேண்டும். இரண்டாம் வருஷம் கேட்கக் கூச்சம். ஒன்பது வருஷம் பேசிவிட்டுப் பெயர் கேட்பதெல்லாம் எங்கள் ஊரில் நடக்கிற காரியமா?

ஜனவரியில் செய்தி வந்தது. டோக்கியோ கம்பெனி ஒன்றோடு இயோநாமியை அக்டோபரில் இணைக்கப் போகிறார்கள். பன்னிரண்டு பழைய பங்குக்கு ஒரு புதுப் பங்கு. வருகிற ஜூன் கூட்டம்தான் கடைசி. மார்ச் முடிவில் பங்கு வைத்திருப்பவர்களுக்குத்தான் சீட்டு வரும். விலையோ நாளுக்கு நாள் சரிந்தது.

ஒசாகாவிலிருந்து மகள் கனாயே போன் செய்தாள். "அம்மா, இப்பவே வித்துடு. மார்ச்சுல பாதிகூடத் தேறாது."

"தேறாட்டிப் போகட்டும்."

"அந்தக் கம்பெனி மேல அவ்வளவு நம்பிக்கையா?"

"துளிகூட இல்ல. ஆனா வெச்சுக்கப் போறேன்."

போனை வைத்ததும் நான் விடவில்லை. "ஏங்க்கா, பேசாம யவதஹாமாவுக்கு ரயில் ஏறி, ஒவ்வொரு மீன் கடையா மோந்து பாத்தாலே ஆளு கிடைச்சுடுவாரே?"

"அடியே, காரணமில்லாம ஒரு ஆம்பள கடைவாசல்ல போய் நிக்கச் சொல்றியா? கூட்டம்னா காரணம் இருக்கு. இந்தத் தடவ பேரக் கேக்காம வெளிய வரமாட்டேன். நீ வேலையப் பாரு, சட்ட கருகுது."

நிஜமாகவே கருகியது. எனக்கு அக்காமேல் எரிச்சலும் வந்தது, பாசமும் வந்தது.

ஜூனில் அக்கா புது நீலச் சட்டை போட்டுக்கொண்டு போனார். சீட்டில்லாத நான் குடையோடு தாழ்வாரத்தில் நின்றேன். கதவிடுக்கில் பார்த்தேன்: பக்கத்து நாற்காலி காலி. கூட்டம் தொடங்கிவிட்டது.

அப்போது வரவேற்பு மேசையில் சத்தம். "சீட்டு இல்லாம உள்ள விட முடியாதுங்க, மன்னிக்கணும்" என்று அங்கிருந்த பெண் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

எதிரே கோட்டு போட்ட ஒருவர், மீன் எண்ணெய் வாசனையோடு. "பிப்ரவரியில வித்துட்டேம்மா. எல்லாரும் வில்லு வில்லுன்னாங்க. சீட்டு வராதுன்னு அப்புறந்தான் உறைச்சுது. மூணாவது வரிசைல ஒரு அம்மா இருப்பாங்க, அவங்கள மட்டும் கூப்பிடுங்க."

"அவங்க பேருங்க?"

அவர் காது சிவந்தது. "அதக் கேக்கத்தான் வந்தேன்."

நான் கதவைத் தள்ளித் திறந்தேன். இணைப்பைப் பற்றித் தலைவர் விளக்கிக்கொண்டிருந்தார். "அக்கா, வெளிய வாங்க! வந்துட்டாரு!" என்று கத்தினேன். கூட்டமே திரும்பியது. அக்கா ஓட்டுக்கூடப் போடாமல் எழுந்து வந்தார்.

இருவரும் மாறி மாறி நாலு தடவை குனிந்தார்கள்.

"ஓச்சி மசுயே" என்றார் அக்கா, கடைசியில்.

"நினோமியா தோகுஜி" என்றார் அவர். "நல்ல விலைக்குத்தான் வித்தேங்க. ஆனா அன்னைலேர்ந்து ஒழுங்காத் தூங்கல."

"நான் விக்கல. பாதி போச்சு" என்றார் அக்கா. "அப்ப லாபம் பாத்தவர்தான் சாப்பாடு வாங்கித் தரணும், நினோமியா சார்."

என்னைக் கூப்பிட வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை. நான் தனியாக டிராம் ஏறினேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.